மீளாது என்ற தீர்ப்பை மறுக்கிறேன்

“ஈரல் சுருங்கிப்போச்சு. இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்ல. இருக்கிறவரைக்கும் நல்லாப் பார்த்துக்குங்க.” சிரோசிஸ் என்று அறிக்கை வந்த வீடுகளில் பெரும்பாலும் இந்தப் பேச்சு கேட்கும். மருத்துவர் சுருக்கமாகச் சொன்னதை உறவினர் விரிவாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து அந்த மனிதர் உயிரோடிருந்தே கணக்கிலிருந்து நீக்கப்பட்டவர் ஆகிவிடுகிறார். மருத்துவப் பாடநூல்களும் நெடுங்காலம் இதையே கற்பித்தன. கொழுப்பு படிந்த ஈரல் பழைய நிலைக்குத் திரும்பும், அழற்சி கண்ட ஈரலும் திரும்பும், தழும்பேறிய சிரோசிஸ் ஈரல் மட்டும் திரும்பாது என்பது அந்தப் பாடம்.

இந்தத் தீர்ப்பு பிழையானது. சிரோசிஸ் வந்த எல்லோரும் குணமாகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ‘தழும்பு மீளாது’ என்பதை ஒரு பொது விதியாகச் சொல்வது அறிவியலுக்கு எதிரானது, அந்த விதியை நம்புவதால் உயிர்கள் போகின்றன என்கிறேன். அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சான்றுகள் குவிந்துகொண்டே வந்திருக்கின்றன. அவற்றில் முக்கியமான சில, சிரோசிஸ் பெருங்கொலைகாரனாக இருக்கும் மெக்ஸிகோவிலிருந்து வந்தவை.

மறுக்கப்போகும் கருத்தை முதலில் அதன் முழு வலிமையோடு எடுத்துவைக்க வேண்டும். ஈரல் செல்கள் ஆண்டுக்கணக்கில் செத்துச் செத்துப் பிழைக்கும்போது, காயத்தை மூடுவதற்காக உடல் நார்ப்பொருளைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அந்த நாரின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். நம் தோலுக்கும் தசைநாருக்கும் எலும்புக்கும் உறுதி தருவது இதுதான். நலமான ஈரலில் கொஞ்சமாக இருக்கும் இது, சிரோசிஸ் கண்ட ஈரலில் பல மடங்காகிவிடுகிறது. மென்மையான உறுப்பு, நார்ச்சுவர்களால் துண்டாடப்பட்ட முடிச்சுகளின் தொகுதியாக மாறுகிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் தேங்குகிறது. அந்த அழுத்தத்தில் உணவுக்குழாயின் ரத்தநாளங்கள் புடைத்து வெடிக்கின்றன, வயிற்றில் நீர் கோக்கிறது. கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட கயிறு; சாதாரணமான புரதச் செரிமான நொதிகளுக்கு அது எளிதில் அசைந்துகொடுக்காது. ஆகவே ஒருமுறை கட்டப்பட்ட சுவர் கட்டப்பட்டதுதான் என்று மருத்துவ உலகம் முடிவுகட்டியது. கேட்கும்போது நியாயமாகவே படுகிறது. ஆனால் இந்த முடிவு பரிசோதித்துக் கண்டது அல்ல, அனுமானித்தது. பிணப் பரிசோதனை மேசையில் கிடந்த ஈரல்களைப் பார்த்து உருவான முடிவு அது. இறந்தவரின் ஈரல், மீளாத ஈரலாகத்தானே இருக்கும்? மீண்டவர்கள் அந்த மேசைக்கு வரவில்லை.

கொலாஜனை உடைக்க உடலால் முடியாது என்ற அடித்தளமே 1962இல் ஆட்டம் கண்டது. ஜெரோம் கிராஸும் ஷார்ல் லாப்பியேரும் தவளையாக உருமாறும் தலைப்பிரட்டையின் வாலை ஆராய்ந்தார்கள். கொலாஜன் நிறைந்த அந்த வால் சில நாட்களில் கரைந்து மறைகிறது. அதைக் கரைக்கும் கொலாஜனேஸ் என்னும் நொதியை உயிருள்ள திசுவே சுரக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். மனித உடலிலும் சான்று உண்டு. பேறுகாலத்தில் பெருத்த கருப்பையில் சேர்ந்த கொலாஜனின் பெரும்பகுதி, குழந்தை பிறந்த சில வாரங்களுக்குள் நீங்கிவிடுகிறது. ஒவ்வொரு தாயின் உடலும் செய்யும் வேலை இது. கருப்பைக்குச் சாத்தியமானது ஈரலுக்கு மட்டும் இயற்கையால் மறுக்கப்பட்டிருக்கிறது என்று எதை வைத்துச் சொன்னோம்?

இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர் மெக்ஸிகோவின் ருய் பெரெஸ் தமாயோ. 1924இல் தாம்பிக்கோவில் பிறந்து 2022இல் மறைந்த இவர் நோய்க்குறியியல் அறிஞர். தழும்புத் திசுவில் கொலாஜன் எப்படிச் சேர்கிறது என்று மற்றவர்கள் ஆராய்ந்தபோது, அது எப்படிக் கரைகிறது என்பதை ஆராய்ச்சியின் மையத்துக்குக் கொண்டுவந்தார். சிரோசிஸ் மீளக்கூடிய நோயா என்ற வினாவையே தலைப்பாக வைத்து 1979இல் அவர் எழுதிய கட்டுரை, சிதறிக்கிடந்த சான்றுகளைத் திரட்டித் தந்தது. அவற்றுள் பழையது ஒன்று 1936ஆம் ஆண்டினுடையது. ராய் கேமரனும் இலங்கையின் கருணாரத்னவும் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்து எலிகளுக்கு ஈரல் தழும்பை உண்டாக்கினார்கள். நஞ்சு கொடுப்பதை உரிய காலத்தில் நிறுத்தியபோது ஈரல் தன்னைச் சீர்செய்துகொண்டதைப் பதிவுசெய்தார்கள். அதாவது, மீளாது என்று மாணவர்களுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்த பல பத்தாண்டுகளும் மீளும் என்ற சான்று நூலகத்தில் இருந்தது.

பெரெஸ் தமாயோவின் காலத்திலேயே இன்னொரு மெக்ஸிகோக்காரர், மார்கோஸ் ரோஹ்கிண்ட், கொலாஜனின் வேதியியலை எடுத்துக்கொண்டார். மதுவால் கெட்ட மனித ஈரலில் முதல் வகை, மூன்றாம் வகைக் கொலாஜன்கள் பெருகுவதை 1976இல் மார்ட்டினெஸ் பலோமோவுடன் சேர்ந்து காட்டினார். ஈரலில் கொலாஜன் ஓயாமல் செய்யப்பட்டும் உடைக்கப்பட்டும் வருகிறது, தழும்பு என்பது இவ்விரண்டின் சமநிலை குலைவதன் விளைவு என்பதே இவர்களின் பார்வை. இது சிறிய திருத்தம்போலத் தோன்றலாம். ஆனால் சிந்தனையையே தலைகீழாக்கும் திருத்தம். தழும்பைக் கட்டி முடித்த சுவராகப் பார்த்தால் இடிக்க ஆள் வேண்டும். குழாய் திறந்திருக்க வடிகால் அடைபட்ட தொட்டியாகப் பார்த்தால், குழாயை மூடி அடைப்பை நீக்கினாலே நீர் இறங்கத் தொடங்கும்.

குழாய் எது, அடைப்பு எது என்பதும் பின்னர் தெரிந்தது. ஈரலில் நட்சத்திரம்போலக் கை விரித்த வடிவமுள்ள ஒரு செல்லை ஜெர்மானிய உடற்கூறியலாளர் கூப்ஃபர் 1876இலேயே கண்டிருந்தார். ஜப்பானின் தோஷியோ இட்டோ 1951இல் அதைக் கொழுப்பைச் சேமிக்கும் செல்லாக விவரித்தார். இரண்டும் ஒன்றுதான், அது வைட்டமின் ஏயைச் சேமிக்கும் செல் என்று கென்ஜிரோ வாக்கே 1971இல் நிறுவினார். அமெரிக்காவின் ஸ்காட் ஃப்ரீட்மனும் கூட்டாளிகளும் 1985இல் எலியின் ஈரலிலிருந்து அந்த நட்சத்திர செல்களைப் பிரித்தெடுத்து, ஈரலில் கொலாஜனை முதன்மையாகச் செய்வது அவைதான் என்று காட்டினார்கள். அமைதியாக வைட்டமினைப் பாதுகாத்துக்கொண்டிருக்கும் செல், காயத்தின் செய்தி கிடைத்ததும் உருமாறிக் கொலாஜனைக் கொட்டத் தொடங்குகிறது. கூடவே கொலாஜனேஸ் நொதியைக் கட்டிப்போடும் தடுப்புப் புரதத்தையும் சுரக்கிறது. பிரிட்டனின் ஜான் ஐரடேலின் குழு 1998இல் கண்டது இன்னும் முக்கியமானது. காயம் நின்றதும் உருமாறிய நட்சத்திர செல்கள் பெருமளவில் மடிகின்றன. தடுப்புப் புரதம் குறைகிறது. ஏற்கெனவே அங்கிருக்கும் நொதி கொலாஜனைத் தின்னத் தொடங்குகிறது. அதற்குப் பின் வந்த ஆய்வுகள், அந்த செல்களில் ஒரு பகுதி சாகாமல் பழைய அமைதி நிலைக்கே திரும்புவதையும் காட்டின. தழும்பைக் கரைக்கும் கருவி ஈரலுக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து நாம் செய்ய வேண்டியது, காயம் விழுவதை நிறுத்துவது.

“எலிக்கு நடப்பது மனிதனுக்கு நடக்குமா?” என்பது அடுத்த வாதம். நடந்திருக்கிறது, பலமுறை. உடலில் இரும்பு மிதமிஞ்சிச் சேரும் பரம்பரை நோயில், ரத்தத்தைத் தொடர்ந்து வெளியேற்றி இரும்பைக் குறைத்தபோது சிலரிடம் சிரோசிஸ் பின்வாங்கியது. உடலின் நோயெதிர்ப்பே ஈரலைத் தாக்கும் நோயில், மருந்தால் தாக்குதல் அடங்கியபோது தழும்பு குறைந்தது.

இந்தியாவிலேயே ஒரு பெரும் சான்று உண்டு. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த இந்தியக் குழந்தைப்பருவச் சிரோசிஸ் ஒருகாலத்தில் தமிழ்நாட்டு வீடுகளிலும் அச்சத்தோடு பேசப்பட்ட நோய். பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலின் வழியே ஈரலில் சேர்ந்த செம்புதான் காரணமாக இருக்கக்கூடும் என்று புனே மருத்துவர்களும் பிரிட்டனின் ஸ்டூவர்ட் டானரும் 1980களில் காட்டினார்கள். செம்பை வெளியேற்றும் பெனிசிலமைன் மருந்தை நோய் முற்றுவதற்குமுன் கொடுத்தபோது குழந்தைகள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களின் ஈரலில் பின்னர் எடுத்த திசுவில் நோயின் சுவடுகள் பின்வாங்கியிருந்தன. பாத்திரங்கள் மாறின, நோயும் ஏறக்குறைய மறைந்தது. ‘விதி’ என்று பெற்றோர் அழுததற்கு ஒரு காரணம் இருந்தது. அது நீக்கக்கூடிய காரணமாகவும் இருந்தது.

இன்னும் உறுதியான சான்று வேண்டுமென்றால், பாத்ரிக் மார்செலானும் கூட்டாளிகளும் 2013இல் வெளியிட்ட ஹெபடைடிஸ்-பி ஆய்வைப் பாருங்கள். டெனோஃபோவிர் மாத்திரை ஆய்வில் ஐந்து ஆண்டுகள் சிகிச்சை பெற்றவர்களில் 348 பேருக்குத் தொடக்கத்திலும் முடிவிலும் ஈரல் பயாப்ஸி செய்யப்பட்டது. தொடக்கத்தில் 96 பேருக்குச் சிரோசிஸ் இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப்பின் அவர்களில் 71 பேரின் திசுவில் சிரோசிஸ் இல்லை. நூற்றுக்கு 74 பேர்! அந்த மாத்திரை தழும்பைத் தொடவில்லை. வைரஸை அடக்கியது, அவ்வளவுதான். மிச்ச வேலையை ஈரல் செய்தது.

இங்கே அறிவார்ந்த மறுப்பு ஒன்று எழும். பயாப்ஸி ஊசி எடுப்பது ஈரலில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. முதல்முறை தழும்பான இடத்திலும் இரண்டாம் முறை நல்ல இடத்திலும் குத்தியிருக்கலாமே? நியாயமான ஐயம். ஆனால் தற்செயலுக்கு ஒரு பக்கச் சார்பு கிடையாது. அது ஊசியின் விளையாட்டாக இருந்திருந்தால், சிரோசிஸ் இல்லாதிருந்த 252 பேரிலும் கணிசமானவர்கள் இரண்டாம் பயாப்ஸியில் சிரோசிஸ் நோயாளிகளாகத் தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரிந்தவர்கள் மூன்று பேர் மட்டுமே. 96இல் 71 பேர் ஒரு திசையில் நடக்க, 252இல் மூன்று பேர் மறுதிசையில் நடந்ததை எந்தத் தற்செயலும் விளக்காது. தவிர, இயான் வான்லஸ் 2000ஆம் ஆண்டிலேயே, மெலிந்து துளைபட்டுவரும் நார்ச்சுவர்கள், இடைவெளியில் மீண்டும் வளரும் ஈரல் செல்கள் என்று தழும்பு பின்வாங்கும் தடயங்களை நுண்ணோக்கியின் கீழ் அடையாளம் காட்டியிருந்தார். கண்ணுக்கு முன்னே கிடந்த தடயங்கள்தாம். மீளாது என்று நம்பியவர்கள் அவற்றை மீட்சியின் தடயங்களாகப் படிக்கவில்லை.

எதிர்த்தரப்பு கடைசியாக நம்புவது மருந்துகளின் தோல்வியை. இதில் மறைக்க எதுவுமில்லை. ரோஹ்கிண்டும் அவருடைய கூட்டாளி டேவிட் கெர்ஷெனோபிச்சும் கொல்ச்சிசின் என்னும் மருந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். செல்லுக்குள் செய்யப்படும் கொலாஜன் வெளியேறுவதை அது தடுக்கும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் அதே நஞ்சு இது. கொங்குப் பகுதியிலும் திண்டுக்கல், கரூர் பக்கத்திலும் உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு விதையை விற்பது இதற்காகத்தான். 100 நோயாளிகளைப் பதினான்கு ஆண்டுகள்வரை பின்தொடர்ந்த அவர்களின் ஆய்வு 1988இல் வெளிவந்தது. மருந்து எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 11 ஆண்டுகள், எடுக்காதவர்களுக்கு 3.5 ஆண்டுகள் என்ற முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. பின்னால் நடந்த பெரிய ஆய்வுகளில் அந்தப் பயன் நிலைக்கவில்லை. 2005இல் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் 549 பேரிடம் நடத்திய ஆய்விலும் கொல்ச்சிசின் ஆயுளைக் கூட்டவில்லை. இன்று யாரும் சிரோசிஸுக்காக அதை எடுக்கக் கூடாது. கண்வலிக்கிழங்கை வீட்டில் அரைத்துக் குடிப்பது உயிரைப் பறிக்கும். கொலாஜன் இழைகளின் பிணைப்பைக் குறிவைத்த சிம்டுசுமாப் போன்ற புதிய மருந்துகளும் தோற்றன.

இந்தத் தோல்விகளிலிருந்து “தழும்பு மீளாது” என்ற முடிவுக்குத் தாவுவது தர்க்கப் பிழை. தோற்றது கொலாஜனை நேரடியாகத் தாக்கும் வழி. வென்றது, காரணத்தை நீக்கிவிட்டு ஈரலை அதன் வேலையைச் செய்யவிடும் வழி. பெரெஸ் தமாயோவும் ரோஹ்கிண்டும் முன்வைத்த அடிப்படைக் கருத்து, அதாவது தழும்பு ஒரு சமநிலைக் குலைவு, சமநிலை திரும்பினால் தழும்பும் மீளும் என்பது, கொல்ச்சிசினோடு சேர்ந்து தோற்கவில்லை. வைரஸ் மருந்துகளின் வெற்றியில் அது மெய்ப்பிக்கப்பட்டது. கொழுப்பு ஈரலிலும் அதே நியதிதான். கியூபாவில் 293 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 45 சதவீதத்தினருக்குத் தழும்பு குறைந்தது. உணவும் உழைப்பும் மட்டுமே அங்கே மருந்து. 2024 மார்ச்சில் அமெரிக்கா ஒப்புதல் தந்த ரெஸ்மெடிரோம், சிரோசிஸுக்கு முந்தைய கட்டத் தழும்புள்ள கொழுப்பு ஈரலுக்கானது. அதுவும் தழும்பை வெட்டி எடுக்கும் கத்தி அல்ல. ஈரலின் கொழுப்புச் சுமையைக் குறைக்கும் மாத்திரை.

எல்லை எங்கே என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். மீட்சி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பல ஆண்டுகள் பழகிய தழும்பில் கொலாஜன் இழைகள் குறுக்குப் பிணைப்புகளால் இறுகிவிடும். நொதி அவ்வளவு எளிதில் நுழையாது. நார் கரைந்தாலும், தடம் மாறிய ரத்த ஓட்டம் முழுவதும் பழைய வழிக்கு வராமல் போகலாம். மார்செலானின் ஆய்விலேயே உடல் எடை மிகுந்தவர்களிடம் மீட்சி குறைவாக இருந்தது. சிரோசிஸ் நீங்கிய ஈரலிலும் புற்றுநோய் அபாயம் முற்றாக அகலாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும். சிக்கல்கள் வெளிப்படாத கட்டத்தில் சிரோசிஸ் நோயாளியின் இடைநிலை ஆயுள் 12 ஆண்டுகளுக்கு மேல். வயிற்றில் நீர் கோத்து, ரத்த வாந்தி வந்தபின் அது சுமார் இரண்டு ஆண்டுகள். அந்தக் கட்டத்திலும்கூட எல்லாம் முடிந்துவிடவில்லை. குடியை விட்டபின் தேறி, மாற்று ஈரலுக்கான காத்திருப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட நோயாளிகள் இருக்கிறார்கள். அத்தகைய மீட்சியை எந்த அளவுகோலால் முடிவுசெய்வது என்று 2021இல் பவேனோ மாநாட்டில் கூடிய ஈரல் வல்லுநர்கள் வரையறையே வகுத்தார்கள். நடக்காத ஒன்றுக்கு வரையறை தேவைப்படாது. இந்த எல்லைகள் எல்லாமே ஒரு திசையைத்தான் காட்டுகின்றன: காலம் முக்கியம். மீளாது என்ற நம்பிக்கையோ காலத்தையே முதலில் வீணாக்குகிறது.

“மீளும் என்று சொன்னால் நோயாளி அலட்சியமாகிவிடுவார், திரும்பக் குடிப்பார்” என்று சில மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள். அவர்கள் அக்கறையோடுதான் அஞ்சுகிறார்கள் என்பதை மதிக்கிறேன். ஆனால் மனித மனம் இதற்கு நேர்மாறாகவே இயங்குகிறது. “எப்படியும் போகப்போறவன்தானே, இன்னிக்கு ஒரு நாள் குடிச்சுட்டுப் போறேன்” என்று குடிப்பவனுக்கு அந்தச் சமாதானத்தைக் கையில் கொடுத்தது யார்? நம்பிக்கையிழந்த தீர்ப்புதானே? குடியை விடுவது கடினமான வேலை. உடல் நடுங்கும், உறக்கம் போகும், தோழமை போகும். இத்தனையையும் தாங்கச் சொல்லிவிட்டுப் பலன் ஒன்றுமில்லை என்றும் சொன்னால் எந்த மனிதன் தாங்குவான்? நீ நிறுத்தினால் உன் ஈரல் வேலை செய்யத் தொடங்கும் என்பது ஆறுதல் வார்த்தை இல்லை. அது உயிரியல் உண்மை, அதை அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு.

இந்தத் தீர்ப்பின் இன்னொரு தீங்கு கண்ணெதிரே நடக்கிறது. மருத்துவமனை கைவிட்டது என்று நினைத்த குடும்பம் சும்மா இருப்பதில்லை. ‘ஈரலைச் சுத்தம் செய்யும்’ பொடி, ஒரே மாதத்தில் சரியாக்கும் லேகியம் என்று விற்பவர்களிடம் போகிறது. என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத பொருள்கள் ஏற்கெனவே அடிபட்ட ஈரலில் இன்னொரு காயத்தை உண்டாக்குகின்றன. ஒன்றும் முடியாது என்பவரும் எல்லாம் முடியும் என்பவரும் எதிரெதிர் ஆட்கள்போலத் தெரிந்தாலும், முன்னவர் மூடிய கதவுதான் பின்னவருக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவருகிறது. போலி நம்பிக்கையை ஒழிக்க வேண்டுமென்றால், மெய்யான நம்பிக்கையை அதன் எல்லைகளோடு சேர்த்து மருத்துவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நான்கு மாற்றங்களைக் கேட்கிறேன். ஈரல் தழும்பு என்று அறிக்கை வரும் ஒவ்வொருவரிடமும் எந்தக் கட்டம், எந்தக் காரணம், அதை நீக்க என்ன வழி என்ற மூன்றையும் சொல்லாமல் மருத்துவர் ஆலோசனையை முடிக்கக் கூடாது. தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்டது. அதில் ஹெபடைடிஸ்-பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அந்தச் செய்தி சுவரொட்டியில் நிற்காமல் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் சீட்டிலும் ஏற வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் மாத்திரை வாங்க வருபவர்களுக்கு ஈரலின் இறுக்கத்தை வலியில்லாமல் அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் மாவட்ட மருத்துவமனைகளில் கிடைக்க வேண்டும். கொழுப்பு ஈரல் தழும்பாவதை அப்போதுதான் உரிய காலத்தில் பிடிக்க முடியும். கடைசியாக, குடியால் ஈரல் கெட்டவரை வயிற்று நீரை எடுத்து வீட்டுக்கு அனுப்புவதோடு சிகிச்சை முடியக் கூடாது. ஈரல் சிகிச்சைப் பிரிவிலேயே மதுமீட்பு மருத்துவரும் ஆலோசகரும் இருக்க வேண்டும். அந்த நோயாளி வெளியே போகும்போது அடுத்த சந்திப்புக்கான தேதியோடு போக வேண்டும். காயத்தை நிறுத்துவதே சிரோசிஸுக்கு நம்மிடம் உள்ள முதல் மருந்து என்று அறிவியல் நிறுவிவிட்டது. அந்த மருந்தைக் கொடுக்காமல், நோய் மீளாது என்று இனி யாரும் சொல்லக் கூடாது.